செயின்ட் லூயிஸில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளே,

கர்த்தருடைய நாமத்தில் அப்பாவின் வாழ்த்துகள். உன் சபையில் ஒரு சாரார் கருவிலுள்ள பிள்ளைகளுக்காக மட்டுமே ஜெபிக்கிறார்கள் என்றும், மற்றவர்கள் குடியேறிகளுக்காகவும் மரண தண்டனைக் கைதிகளுக்காகவும் மட்டுமே பேசுகிறார்கள் என்றும், இவர்களில் யார் பக்கம் நிற்பது என்று உனக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். கட்சியை வைத்து இதற்கு விடை தேட முடியாது என்பதற்கு நீ குடியிருக்கும் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

1999 ஜனவரியில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் செயின்ட் லூயிஸுக்கு வந்தார். (நாம் சி.எஸ்.ஐ. சபையார், போப் சொல்வதெல்லாம் நமக்குக் கட்டளையல்ல. ஆனாலும் இதைக் கேள்.) அப்போது அந்த ஊர் இருக்கும் மிசௌரி மாநிலத்தின் சிறையில் டேரல் மீஸ் என்பவர் மரண தண்டனைக்குக் காத்திருந்தார். 1988இல் பதுங்கியிருந்து மூன்று பேரைச் சுட்டுக் கொன்றவர். அவர்களில் ஒருவன் இரு கால்களும் செயலிழந்த 19 வயது இளைஞன். அப்படிப்பட்டவருக்காகத்தான் போப், பேராலய ஜெபக்கூட்டம் முடிந்ததும், மாநில ஆளுநர் மெல் கார்னஹானிடம் நேரில் இரக்கம் கேட்டார். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த கார்னஹான் மறுநாளே தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். அதே ஆளுநர் அதே ஆண்டில், கருக்கலைப்பு முறையொன்றைத் தடைசெய்யும் மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். சட்டமன்றம் அந்த மறுப்பையும் மீறி அதை நிறைவேற்றியது. அவரை நம்மவர் என்பதா, எதிராளி என்பதா?

ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தைக் காட்டி, இரத்தம் சிந்தியவனுடைய இரத்தம் சிந்தப்பட வேண்டும் என்று வேதமே சொல்கிறதே என்று உன் சபை மூப்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கொலை ஏன் அவ்வளவு கொடியது என்பதற்கு அந்த வசனம் தரும் காரணம், மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன் என்பதே. கொலை செய்தவனிடமிருந்து அந்தச் சாயல் எடுபட்டுப்போகிறது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. தம்பியைக் கொன்ற காயீனை ஒருவரும் கொன்றுபோடாதபடி அவன்மேல் அடையாளம் போட்டவர் கர்த்தர்தான்.

போப் அங்கே வந்திறங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான், ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளிடையே ஊழியம் செய்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் 10 வயதும் 6 வயதுமான அவருடைய மகன்களையும், வண்டியில் உறங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ், கொலைகாரர்களை மன்னித்ததாக வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு சொந்த நாடான ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிடாமல், அவர்கள் ஊழியம் செய்த ஒடிசாவின் பாரிபதாவிலேயே தங்கி அந்த நோயாளிகளைத் தொடர்ந்து பராமரித்தார். குற்றவாளி தாரா சிங்கின் மரண தண்டனையை 2005இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தபோது, நம் சபையிலேயே முகம் சுளித்தவர்கள் உண்டு. மீஸுக்குக் கிடைத்த இரக்கத்தைப் புகழ்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் மன்னிப்பைப் பிரசங்கிப்பது எளிது.

வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்களே, கருவிலுள்ள பிள்ளைக்காகக் கண்ணீர் விடுகிறவர்களிடம் மீஸைப் பற்றிப் பேசு. மீஸுக்காக வாதாடுகிறவர்களிடம், அவர் சுட்டுக் கொன்ற அந்த இளைஞனையும் பிறவாத பிள்ளையையும் பற்றிப் பேசு. இரு தரப்பாருக்கும் உன்மேல் வருத்தம் வரும். அதற்காக எதையும் மழுப்பாதே. மூப்பர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா
பாளையங்கோட்டை