பாட்டிக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு கோடு

சித்தூர்,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூணு வாரமாச்சு. சோம்பல் இல்லைடி, ஒரு விண்ணப்பத்துல மூழ்கிட்டேன். கனடாவுல தம்பதியர், குடும்ப சிகிச்சை முதுகலைக்குப் போடறேன். 43 வயசுல! சிரிச்சு முடிச்சுட்டு மேலே படி.

சிபாரிசுக் கடிதம், இங்கிலீஷ் பரீட்சை எல்லாம் ஆச்சு. டிரான்ஸ்கிரிப்டுக்குத்தான் நாலு நடை. மாட்டிக்கிட்டது கட்டுரையில. வளர்ந்த குடும்பத்தைப் பத்தி எழுதணுமாம். சரி, முதல்ல ஜீனோகிராம் போடுவோம்னு உட்கார்ந்தேன். மூணு தலைமுறைப் படம் அது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவங்களுக்குப் பெருக்கல் குறி, சண்டைன்னா கோணல்மாணல் கோடு, சொந்தத்துல கல்யாணம்னா இரட்டைக் கோடு. நம்ம குடும்பங்களுக்குப் போட்டா சிக்குக்கோலம்தான். அம்மாவோட மாமியார் அவங்க சொந்த அத்தை, தாயில்லாப் பொண்ணை எடுத்து வளர்த்தவங்களும் அவங்களே. இங்கிலீஷ்ல ‘ஆன்ட்’னு ஒரு தடவை, ‘மதர் இன் லா’னு ஒரு தடவை எழுதினா ரெண்டு பொம்பளைங்க ஆயிடுறாங்க!

அந்த ஒன்பது வருஷம் உனக்குத் தெரியும். ஒரே அடுப்பு, பேச்சு கிடையாது. “காபி ஆறுதுன்னு உன் பாட்டிகிட்ட சொல்லு”ன்னு அம்மா. பாட்டி ரெண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாங்க. பதில் தெலுங்குல வரும், கோபம்னா அவங்களுக்குத் தெலுங்குதான். அதைத் தமிழாக்கி, காரத்தைக் குறைச்சு நான்தான் அம்மாகிட்ட சேர்க்கணும். ரெண்டு பேர் இறுக்கத்துக்கு நடுவுல மூணாவது ஆளை இழுத்து நிறுத்துறதை, குடும்ப சிகிச்சைக்கு முன்னோடியான மனநல டாக்டர் மர்ரே போவன் முக்கோணம்னு சொல்றார். அதைப் படிச்சப்போ எனக்குக் காபி வாசனை வந்துச்சு. வேலை பார்க்கிற ஸ்கூல்லயும் அப்படி நிக்கிற பிள்ளைங்க வருதுங்க. பிள்ளையை மட்டும் உட்கார வெச்சுப் பேசி அனுப்பறேன், சாயங்காலம் அது அதே வீட்டுக்குத்தானே போகுது?

பயிற்சியில ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால வாத்தியாருங்க உட்கார்ந்து நம்ம பேச்சைப் பார்ப்பாங்களாம். சமையக்கட்டுக் கதவு இடுக்குல பாட்டி பார்க்காததா!

இதுக்குக் கனடா எதுக்கு, பக்கத்துல வேலூர் இருக்கேன்னு இவர் கேட்கிறார். அதுவும் நியாயம்தான். பாகாயத்து சி.எம்.சி. மனநல மையத்துல நோயாளியோட வீட்டாளும் கூடவே தங்குவாங்க. ஒரு பிள்ளையோட அம்மாவுக்குத் துணையா அங்க போனப்போதான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு. ஆனா எனக்கு இதையே பாடமா, மேலே ஒருத்தர் பார்த்துத் திருத்தத் திருத்தப் படிக்கணும்.

ஒரு உதவி. நான் அம்மை போட்டுப் படுத்திருந்த வாரம், எனக்குப் பதிலா நீதான் தூது போனே. அப்போ பாட்டி உன்கிட்ட என்ன சொல்லி அனுப்பினாங்க? அம்மா என்ன சொன்னாங்க? நினைவிருக்கிற வரைக்கும் எழுது, திட்டா இருந்தாலும் அப்படியே எழுது. இந்தத் தடவை குறைச்சுச் சொல்லாதே.

உன்,
சரளா