காசு வாங்காத கைகளுக்கு ஒரு நன்றி மடல்

தீராத நோயாளிகளை வீடு தேடி வந்து வலி தணித்துப் பார்த்துக்கொள்ளும் எங்கள் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் சிஸ்டருக்கும், வார்டின் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சிக்கும், வாலண்டியர் அண்ணன்மாருக்கும், ஜீப் ஓட்டிய காக்காவுக்கும் (முஸ்லிம் பெரியவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், அக்கம்பக்கத்தாருக்கும் கேரள மலைத்தோட்ட ஊரான வண்டிப்பெரியாற்றிலிருந்து வணக்கம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆசை. நேரில் நன்றி சொன்னால் நீங்கள் கையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவீர்கள். உங்கள் வழக்கம் அது. எல்லோரும் படிக்கும்படி எழுத இன்னொரு காரணமும் உண்டு. இந்த மலையில் இன்னும் எத்தனையோ வீடுகளில் கட்டிலோடு கிடப்பவர்கள் இருக்கிறார்கள். பஞ்சாயத்தில் சொன்னால் ஆள் வீடு தேடி வரும், அதற்குக் காசு கிடையாது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. ஆயுசு முழுக்கக் கொழுந்து கிள்ளியவர், கட்டி இருப்பதை யாரிடமும் சொல்லாமல் கூடையைச் சுமந்துகொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நோயைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்று அந்தச் சீட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

புண் உடைந்த பிறகு நாற்றம் வந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இதனால்தான் நோயாளியைத் தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். லயத்தில் தனி அறை ஏது? இருப்பதே இரண்டு அறை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு வலியைவிட அதுதான் பெரிய துக்கம். சேலைத் தலைப்பால் தானே மூக்கைப் பொத்திக்கொள்வார்.

சிஸ்டர், நீங்கள் முதல் தடவை வந்தபோது மூக்கைச் சுளிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அரைத் தமிழில், "அம்மச்சி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டீர்கள். அப்புறம்தான் புண்ணைப் பார்த்தீர்கள். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் கழுவினீர்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கித் தூவினீர்கள். காற்றுப் படாத இடத்தில் வளரும் கிருமிதான் நாற்றத்துக்குக் காரணம், இந்த மருந்து அதை அடக்கும் என்று எங்களுக்கு விளங்கும்படி சொன்னீர்கள். பழைய பருத்திச் சேலையைத் துண்டு துண்டாக்கி, குக்கரில் ஆவி ஏற்றி, புண்ணுக்குக் கட்டும் துணியாக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். கொஞ்ச நாளில் நாற்றம் அடங்கியது. பிள்ளைகள் திரும்பவும் வாசலில் விளையாட வந்தார்கள். அம்மா அவர்களைத் திட்ட ஆரம்பித்தார். அந்தத் திட்டைக் கேட்டு நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறோமா தெரியவில்லை.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தபோது நாங்கள் பயந்தோம். போதை மருந்து, பழகிவிடும் என்று தம்பி சண்டைக்கே வந்தான். நீங்கள் பொறுமையாக, வலிக்குத் தக்க அளவில், நேரம் தவறாமல் கொடுத்தால் அப்படிப் பயப்பட வேண்டியதில்லை என்றீர்கள். கூடவே மலச்சிக்கலுக்கும் மாத்திரை தந்தீர்கள். அந்த இரண்டாவது மாத்திரைதான் என்னை உங்கள் பக்கம் சேர்த்தது. இவ்வளவு தூரம் யோசிக்கிறவர் தப்பாக எதையும் தரமாட்டார் என்று தோன்றியது.

பிறகுதான் விசாரித்தேன். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வாங்கி வைக்கவே ஆஸ்பத்திரிகள் பயந்தனவாம். 2014ல் திருத்தம் வந்துதான் இந்த மருந்துக்கு வழி கொஞ்சம் எளிதானது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1993ல், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் சின்ன அளவில் தொடங்கிய இந்தப் பாலியேட்டிவ் பணிதான் இன்று ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. 2008ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. மலை இறங்கினால் கம்பம், தேனி, அங்கே இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள், "நர்ஸ் வீட்டுக்கே வருவாங்களா?" என்று இன்னும் நம்பாமல் கேட்கிறார்கள்.

அம்மா செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டவர். ஜனவரி 20 திருநாளில் அவருடைய அடையாளமான அம்பை வீட்டுக்கு எழுந்தருளச் செய்யும் மலையாள வழக்கத்தை எங்கள் தமிழ் வீடும் எடுத்துக்கொண்டது. செபஸ்தியார் வைத்தியர் இல்லை, ரோமைப் பட்டாளத்துக்காரர். கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் அவரைப் பாதுகாவலராக்கிக்கொண்டார்கள். அம்புகளால் துளைத்து, செத்துவிட்டார் என்று விட்டுப் போன அவரை எடுத்துப்போய், காயத்துக்கு மருந்து கட்டிப் பிழைக்கவைத்தது இரேன் என்ற ஒரு விதவை. அடக்கம் செய்யத்தான் போனாராம், மூச்சு இருப்பதைப் பார்த்துப் பணிவிடை செய்தார் என்பது மரபு. அம்பு குத்திய செபஸ்தியாருக்கு ஊருக்கு ஊர் சுரூபம் உண்டு. அம்பைப் பிடுங்கியவளுக்கு எங்கள் பக்கத்தில் நான் எங்கும் பார்த்ததில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அதான் நம்ம சிஸ்டர் வாராங்கல்ல" என்றார். கேரளத்தில் ஜனவரி 15 பாலியேட்டிவ் தினம். அம்புத் திருநாளுக்கு ஐந்து நாள் முந்தி. அந்த நெருக்கம் தற்செயல்தான், எனக்குப் பிடித்திருக்கிறது.

அற்புதம் நடக்கும் என்று அம்மா எதிர்பார்த்தாரா? ஆரம்பத்தில், ஆம். நாங்களும்தான். எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சுக்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. பெல்ஜியத்திலிருந்து போன தமியான் அடிகளார் 1873ல் ஹவாயின் மொலக்காய் தீவில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த குடியிருப்புக்குப் போனார். பதினாறு வருடம் புண் கழுவினார், கட்டுப் போட்டார், வீடு கட்டினார், சவப்பெட்டிகூடச் செய்தார். தொழுநோயைக் குணமாக்கும் மருந்து அப்போது இல்லை, 1940களில்தான் வந்தது. 1889ல் அதே நோயால் அவரும் போனார். நோயைத் தீர்த்ததற்காக அவரை யாரும் கொண்டாடவில்லை. 2009ல் அவரைப் புனிதராக அறிவித்த திருச்சபை, விசுவாசம் போதாதவர் என்று சொல்லவில்லையே! தொடுவதற்கு ஆள் இல்லாதவரைத் தொட்டதுதான் அங்கே நடந்த சுகம். எங்கள் வீட்டிலும் நடந்தது அதுதான். அம்மா பிழைக்கவில்லை, ஆனால் நாதியற்றுச் சாகவில்லை.

வாலண்டியர் அண்ணனுக்குப் புனிதர்களோடு சேர்த்துப் பேசினால் பிடிக்காது. அவர் செங்கொடிச் சங்கத்துக்காரர், கோவில் வாசலை மிதிக்காதவர். ஆனாலும் மழை கொட்டுகிற நாளில் படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தையான ஏர் பெட்டைத் தலையில் சுமந்து தேயிலைக்காட்டு வழியே ஏறி வந்தவர் அவர்தான். அண்ணா, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுதிவிட்டேன். ஜீப் காக்கா, நோன்பு நாளில்கூட அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டீர்கள். டீசலுக்குக் கொடுத்த பணத்தை என் தம்பி சட்டைப் பையிலேயே திணித்துவிட்டுப் போனீர்கள். ஆஷா சேச்சிக்கு எங்கள் ரேஷன் கார்டு விஷயம்வரை கடன்பட்டிருக்கிறோம். எதிர் வீட்டு அத்தை, மேல் லயத்துப் பெரியம்மா, நீங்கள் இரண்டு பேரும் ராத்திரி முறை போட்டு அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்ததால்தான் முதுகில் படுக்கைப்புண் வரவில்லை. சிஸ்டரே அதைச் சொல்லி மெச்சினார்.

ஒரே ஒரு குறை. ஒரு வாய் காப்பி கொடுத்தால்கூட, "வேண்டாம், இன்னும் நாலு வீடு இருக்கு" என்று எல்லோரும் நழுவினீர்கள். வாங்கவே வாங்காதவரிடம் கடன்பட்டவன் என்ன செய்வான்?

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கோஸ்மாஸ், தமியான் (மேலே சொன்ன அடிகளார் அல்ல, வேறொருவர்) என்று இரட்டைச் சகோதரர்கள், இருவரும் வைத்தியர்கள், இன்றைய துருக்கியில் இருக்கும் சிலிசியாவில் வைத்தியம் பார்த்தார்கள். ரோமைப் பேரரசன் டயோக்ளீசியன் காலத்தில் வேதசாட்சிகளாக இறந்தவர்கள். பூசையில் சொல்லும் முதலாம் நற்கருணை மன்றாட்டில் இவர்கள் பெயர் வரும். இலவசமாகப் பெற்றீர்கள், இலவசமாகக் கொடுங்கள் என்று ஆண்டவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு, யாரிடமும் காசு வாங்கமாட்டார்கள். பல்லாதியா என்று ஒரு பெண். வெகுநாள் நோயிலிருந்து எழுந்தவள், மூன்று முட்டையைக் கொண்டுவந்து, ஆண்டவர் பேரால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தமியானிடம் கெஞ்சினாள். அவர் மனம் இளகி வாங்கிவிட்டார். விஷயம் தெரிந்த கோஸ்மாஸ், இவனை என் பக்கத்தில் அடக்கம் செய்யாதீர்கள் என்கிற அளவுக்குக் கோபப்பட்டார். கடைசியில் ஓர் ஒட்டகம் வாய் திறந்து, இருவரையும் பிரிக்க வேண்டாம் என்று சொன்னதாகக் கிழக்குத் திருச்சபையில் கதை சொல்கிறார்கள். ஒட்டகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் தமியான் கட்சி. முட்டையை அவர் தனக்காக வாங்கவில்லை. கொடுக்க முடிந்தது என்ற நிம்மதியோடு அவள் வீட்டுக்குப் போகட்டும் என்று வாங்கினார். படுக்கையிலிருந்து எழுந்த உடம்புக்கு அதுவும் மருந்துதானே.

ஏர் பெட்டையும் வீல் சேரையும் கழுவிக் காயவைத்துப் பஞ்சாயத்தில் ஒப்படைத்துவிட்டோம். மீதி மார்ஃபின் மாத்திரைகளை சிஸ்டர் எண்ணி, பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். தேவைப்படுகிறவர்கள் உங்கள் வார்டு ஆஷாவிடம் சொல்லுங்கள், போதும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பூசை, முடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பாடு. சங்கத்து அண்ணன் கோவிலுக்கு வர வேண்டாம், நேராக வீட்டுக்கு வந்தால் போதும். காக்கா, உங்களுக்காகக் கோழி உங்கள் ஆள் கடையிலேயே சொல்லியாயிற்று. சிஸ்டர், அன்றைக்கு உங்களுக்கு டூட்டி இல்லை என்று ஆஷா சேச்சியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம், அந்தச் சாக்கு செல்லாது. முட்டைக் குழம்பும் உண்டு.

அன்புடன்,
அம்மாவின் பிள்ளைகள்