அது செவ்வாய் இல்லை, மச்சான்

கல்லடி, மட்டக்களப்பு
பெப்ரவரி 6

அன்புள்ள மச்சான்,

சுகமாக இருக்கிறாயா? இங்கே மழை ஓய்ந்து ஒரு கிழமைதான். வாவி இன்னும் கலங்கல். என் முழங்கால் பழைய கதை, அதை விடு.

நேற்று ஏழரை மணிபோல கரண்ட் போயிற்று. முற்றத்தில் கதிரையைப் போட்டு அண்ணாந்தால், உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே அதே சிவப்பு நட்சத்திரம். 1978 நவம்பர் 23 சூறாவளி உங்கள் வீட்டுக் கூரையைக் கொண்டுபோன பிறகு, பாயில் கிடந்து நடுச்சாமத்தில் பார்த்தோமே, அதுதான். நீ செவ்வாய் என்றாய். உன் அப்பா ரோகிணி என்றார். நீ கேட்டால்தானே!

அப்பா சொன்னதுதான் சரி. அந்த மாதம் செவ்வாய் சூரியனை ஒட்டியே நின்று அந்தியோடு மறைந்திருக்கிறது.

ரோகிணி, சிவப்பு இராட்சதன் என்ற வகை. நிறையில் சூரியனைவிட ஒள்ளுப்பம்தான் கூட, குறுக்களவோ ஏறக்குறைய 44 மடங்கு. நடுவில் ஐதரசன் தீர்ந்து, சுற்றியுள்ள ஓட்டில் மட்டும் எரிவு நடப்பதால் வெளிப்பகுதி ஊதிப் பருத்துவிட்டது. இவ்வளவு பருமனும் சராசரியில் நாம் மூச்சுவிடும் காற்றைவிடப் பல மடங்கு ஐது, அடர்த்தி அவ்வளவு குறைவு! எனக்கு இதைத்தான் நம்பக் கஷ்டமாக இருந்தது. நம் சூரியனும் 500 கோடி ஆண்டு போனால் இப்படித்தானாம்.

சிவப்புக்குக் காரணம் சூடு குறைவு. மேற்பரப்பு சுமார் 3,600 பாகை செல்சியஸ், சூரியனில் 5,500. கொல்லன் பட்டறை இரும்பு மாதிரி, கூடக் காய்ந்தால்தான் வெளுக்கும். ஆனாலும் மேனி பெரிது, சூரியனைப்போல் 400 மடங்குக்கு மேல் ஒளி விடுகிறது.

பக்கத்தில் வண்டில்போல ஒரு கூட்டம் நிற்குமே, பழந்தமிழில் சகடம் என்றது அதைத்தான். அந்த நட்சத்திரங்கள் சுமார் 150 ஒளியாண்டு தள்ளி, அதாவது ஒளி 150 ஆண்டு ஓடும் தூரம். ரோகிணி 65-இல், பாதி வழியில் நிற்கிறது. கல்யாண வீட்டுப் படத்தில் ஊடே வந்து நிற்கிற அடுத்த வீட்டுக்காரன் மாதிரி, அந்தக் கூட்டத்துக்குச் சொந்தமில்லை.

ரொறன்ரோவிலும் இப்போது தெற்கில் தெரியும், குளிர் விட்டால் பார்.

அன்று நாம் பார்த்த ஒளி 1913 அளவில் புறப்பட்டது. நாம் பாயில் கிடந்த இரவில் அது விட்ட ஒளி 2043 போலத்தான் வந்து சேரும். அப்போது நமக்கு 82. அதற்கு முந்தி ஒருதரம் வந்துவிட்டுப் போ. உங்கள் வீட்டுக்கு இப்போது நல்ல கூரை இருக்கிறது, முற்றத்தில்தான் பாய் போடவேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்