செயலுக்கும் முதல் கல்லுக்கும் இடையில்: அமைதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வட்டம்தோறும் நடக்கும் அமைதிக் கூட்டங்களில் அமரும் ஊர்ப் பெரியவர்களுக்கும், கோயில் தர்மகர்த்தாக்கள், ஜமாஅத் நிர்வாகிகள், பங்குப் பேரவையினருக்கும், வருவாய், காவல் துறை அலுவலர்களுக்கும்:

வணக்கம். விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்தை முன்னிட்டு நீங்கள் மீண்டும் கூடவிருக்கிறீர்கள். கிராம நிர்வாக அலுவலராக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசி நாற்காலியில் அமர்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் நான். இன்றைக்கு எந்தப் பொறுப்பும் இல்லாததால் சிலவற்றை வெளிப்படையாகச் சொல்ல முடிகிறது.

எங்கள் குறிப்பேடுகளில் மூன்று சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வரும். வழிபாட்டுச் சின்னத்தை 'மர்ம நபர்கள்' சேதப்படுத்தினர். 'மத உணர்வு புண்பட்டதால்' பொதுமக்கள் கொந்தளித்தனர். இரு தரப்பும் 'சமாதானமாகப் போவதாக ஒப்புக்கொண்டதால்' மேல்நடவடிக்கை தேவைப்படவில்லை. செய்தவர் யார் என்று முதல் வரி சொல்லாது. ஏன் நடந்தது என்ற கேள்வியை இரண்டாவது வரி மூடிவிடும். மூன்றாவது வரி கோப்பையே மூடிவிடும். இப்படி நானே எழுதிக் கையெழுத்திட்ட ஒரு குறிப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

ஊரின் பெயர் வேண்டாம். ஆடி மாதத்தில் ஒரு நாள், இரவு முழுவதும் மழை பெய்து ஓய்ந்த காலைப் பொழுது. வேப்பமரத்தடியில் இருந்த முனியப்பன் சூலம் அடியோடு வளைந்து, பீடம் இரண்டாகப் பிளந்து கிடப்பதாகத் தலையாரி வந்து சொன்னார். நான் போய்ச் சேரும்போது மணி ஏழு இருக்கும். ஒரு பாட்டி மண்ணில் உருண்டு கிடந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் துடைத்து மடியில் கட்டிக்கொண்டிருந்தார். அழவும் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. சேற்றில் இரட்டைச் சக்கரத் தடம் பீடம் வரை வந்து திரும்பியிருந்தது. பீடத்தின் பின்புறம் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் நான்கைந்து கிடந்தன. லாரியின் பின்விளக்கு உடைந்தால் சிதறுகிற துண்டுகள். குவாரியிலிருந்து கிரானைட் கல் ஏற்றிவந்த வண்டி ஏதோ இருட்டில் பின்னால் எடுக்கும்போது இடித்துவிட்டுப் போயிருக்கிறது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பெரியவங்க வரட்டும், நீங்க வாயைத் திறக்காதீங்க" என்று பதில் வந்தது. நானும் திறக்கவில்லை.

பதினொரு மணிக்கு முதல் கல் விழுந்தது. பஞ்சர் கடைக்காரரின் கம்ப்ரசரை உருட்டிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளினார்கள். பழைய இரும்புக் கடையின் கூரைத் தகரத்தைப் பிரித்தார்கள். இரண்டு கடைகளுமே முஸ்லிம்களுடையவை. ஜீப் வந்தபோது மணி பன்னிரண்டரை. கல்லெறிந்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர்களில் பாதிப் பேர் என் பரிந்துரையில் சாதிச் சான்று வாங்கியவர்கள். தகப்பனார் பெயர் முதற்கொண்டு எனக்குத் தெரியும்.

அந்த வேப்பமரத்தை ஒட்டித்தான் முஸ்லிம்களின் அடக்கத்தலமான கபரஸ்தானுக்குப் போகும் வண்டிப்பாதை இருந்தது. பாதையை அளந்து கல் நட்டுத் தரும்படி ஜமாஅத்தார் கொடுத்த மனுவும், கோயில் இடம் பாதைக்குள் போகிறது என்று ஊரார் கொடுத்த மறுப்பு மனுவும் எட்டு மாதங்களாக நிலுவையில் இருந்தன. சர்வேயர் வரவில்லை என்று நான் காரணம் சொல்வேன். என்னிடமிருந்து அறிக்கை வரவில்லை என்று சர்வேயர் சொல்வார். அந்த எட்டு மாதத்தில் டீக்கடையில் நடந்த பேச்சு என் காதில் விழாமல் இல்லை. சூலம் வளைந்த காலையில் அதைச் செய்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் பதில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்தப் பதிலை எட்டு மாதம் ஊறவைத்தது என் மேசை. மாலையில் நடந்த அமைதிக் கூட்டத்துக்கு நான் எழுதிய குறிப்பில் பாதையும் இல்லை, மனுக்களும் இல்லை, லாரியும் இல்லை. மர்ம நபர்கள் இருந்தார்கள்.

இத்தகைய கலவரங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு விளக்கங்கள்தான் புழங்குகின்றன. புனிதமானதைத் தொட்டால் பக்தன் கொதிப்பான், அவ்வளவுதான் என்பது ஒன்று. மதமெல்லாம் சாக்கு, உள்ளே இருப்பது நிலம், பணம், தேர்தல் என்பது மற்றொன்று. முதலாவதை ஊர்க்காரர்கள் விரும்புவார்கள். இரண்டாவதை என்னைப் போல் நாலு எழுத்துப் படித்தவர்கள் விரும்புவோம். எந்த விளக்கம் யாருக்கு வசதி என்று பார்த்தால், அது ஏன் சொல்லப்படுகிறது என்பது பாதி புரிந்துவிடும்.

நமக்கு அடுத்த வேலூரிலேயே இந்த இரண்டு விளக்கங்களுக்கும் இடையிலான வழக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. 1805 நவம்பரில் சென்னைப் படையின் சிப்பாய்களுக்குப் புதிய உத்தரவு வந்தது. நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை ஒழுங்குபடுத்த வேண்டும், தோல் பட்டம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். 1806 மே மாதத்தில் எதிர்த்தவர்களில் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் சவுக்கடி பெற்றனர். ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், படையில் சதி நடக்கிறது என்று தன் வெள்ளை அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவருக்குப் பைத்தியக்காரர் என்ற பட்டமும் சிறையும் கிடைத்தன. ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் கிளர்ச்சி வெடித்து நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் மாண்டார்கள். திருப்பி ஒடுக்கியபோது மாண்ட சிப்பாய்கள் அதைவிடப் பல மடங்கு.

பிறகு காரணம் தேடினார்கள். கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மக்கள் காவலில் இருந்ததால், எல்லாம் மைசூர் அரச குடும்பத்தின் சதி என்று ஒரு சாரார் சொன்னார்கள். உத்தரவு போட்டவர்களுக்கு இதைவிட வசதியான விளக்கம் கிடையாது. தலைப்பாகைதான் காரணம் என்றது மறு சாரார். விசாரணைக் குழு இரண்டையுமே எழுதியது. கடைசியில் ஆளுநர் பெண்டிங்க், தலைமைத் தளபதி கிராடக் இருவரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதி 1792 வரை திப்புவின் சீமையாக இருந்தது என்பதால் எனக்கு இந்தக் கதையில் தனி ஆர்வம் உண்டு. ஆனால் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது மே மாதத்துக்கும் ஜூலைக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டு மாதங்களை. மனம் புண்பட்டவன் முறையிட்டான், அடி விழுந்தது. தெரிந்தவன் எச்சரித்தான், அவனை அடைத்தார்கள்.

டென்மார்க்கில் நபிகள் நாயகத்தைப் பற்றிய கேலிச் சித்திரங்கள் 2005 செப்டம்பர் 30 அன்று வெளிவந்தன. அடுத்த மாதமே எகிப்தின் அல் ஃபஜ்ர் இதழ் அவற்றில் சிலவற்றை, அதுவும் ரமலான் மாதத்தில், எடுத்துப் போட்டது; அதற்காகக் கெய்ரோவில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. டமாஸ்கஸில் தூதரகங்கள் எரிந்தது 2006 பிப்ரவரியில். சித்திரம் அதேதான், இடையில் நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில், தம்மைச் சந்திக்க நேரம் கேட்ட 11 தூதர்களை டென்மார்க் பிரதமர் சந்திக்க மறுத்தார். அங்கிருந்த இமாம்கள் சிலர் சித்திரங்களைக் கோப்பாகக் கட்டி எடுத்துக்கொண்டு மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பயணம் போனார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார், மற்றவர்கள் விறகு சுமந்தார்கள். எந்த ஊரிலும் இந்த இருவருமே தேவைப்படுகிறார்கள்.

அப்படியானால் மதம் வெறும் சாக்குதானே என்று கேட்பவர்களுக்கு ஆப்கானிஸ்தானைக் காட்டுகிறேன். 2012 பிப்ரவரியில் அமெரிக்கரின் பக்ராம் தளத்தில் குர்ஆன் பிரதிகள் குப்பையோடு எரிக்கப்படுவதை அங்கு வேலை செய்த ஆப்கானியர்கள் பார்த்துவிட்டார்கள். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்து உயிர்கள் பலியாகின. பத்தாண்டு ஆக்கிரமிப்பின் கோபம்தான் இப்படி வெளிவந்தது என்று பலரும் எழுதினார்கள். ஆனால் அடுத்த மாதம் 11-ஆம் தேதி, காந்தகார் அருகே ஓர் அமெரிக்கச் சிப்பாய் குழந்தைகள் உட்பட 16 பேரை வீடு புகுந்து கொன்றபோது, அந்த அளவுக்குக் கிளர்ச்சி பரவவில்லை. ஆக்கிரமிப்பின் மீதான கோபம் ஒன்றே காரணமென்றால் கணக்கு இப்படி வந்திருக்காது. புனிதத்தின் மேல் விழும் அடி மனிதனுக்கு வேறோர் இடத்தில் வலிக்கிறது. அது உண்மையான வலி. எலுமிச்சம்பழம் துடைத்த அந்தப் பாட்டியைப் பார்த்தவன் அதைச் சாக்கு என்று சொல்லமாட்டான். ஆனால் அவர் கல்லெறியவில்லை என்பதையும் நான் பார்த்தேன். வலித்தவரும் எறிந்தவரும் எப்போதும் ஒருவரே அல்லர்.

பஞ்சாபின் பர்காடி விவகாரத்தில் இந்த இடைவெளியை வீணடித்தது அரசு. 2015 ஜூன் 1 அன்று ஃபரீத்கோட் மாவட்டத்துக் குருத்வாரா ஒன்றிலிருந்து சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிப் திருடப்பட்டது. செப்டம்பரில் இழிவான சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அக்டோபர் 12 அன்று பர்காடித் தெருவில் கிழிந்த பக்கங்கள் கிடந்தன. நான்கு மாதங்களுக்கும் மேல் திருட்டைக் கண்டுபிடிக்காத காவல் துறை, அக்டோபர் 14 அன்று பெஹ்பல் கலானில் மறியலில் இருந்தவர்கள்மீது சுட்டு இருவரைக் கொன்றது. 'மத உணர்வு புண்பட்டதால் வன்முறை' என்று அதையும் ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த இரண்டு சாவும் யாருடைய துப்பாக்கியால் நேர்ந்தன என்பது அந்த வரியில் இருக்காது.

பக்கத்துத் தருமபுரி மாவட்டத்து நாயக்கன்கொட்டாயில் நடந்தது மதத்தால் வந்ததல்ல. ஆனாலும் காரணம் என்று சொல்லப்படுவதை எப்படிச் சோதிப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஒரு சாதி மறுப்புத் திருமணமும் அதைத் தொடர்ந்த தற்கொலையுமே காரணம் என்று சொன்னார்கள். பீரோவைத் திறந்து நகையையும் பணத்தையும் எடுத்த பிறகே தீ வைத்தார்கள் என்று வீடு இழந்தவர்கள் சொன்னார்கள். மானத்துக்காக வந்தவன் பீரோவை ஏன் திறந்தான் என்ற கேள்விக்கு அந்தக் 'காரணம்' பதில் சொல்வதில்லை. பெங்களூரில் கூலி வேலை செய்து மெத்தை வீடு கட்டியவர்கள்மீது இருந்த பொறாமையைப் பற்றி எந்த அமைதிக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம்?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது சமாதானப் பேச்சு அல்ல. அதில் நீங்கள் தேர்ந்தவர்கள். குறிப்பேட்டை மாற்றி எழுதுங்கள் என்று கேட்கிறேன். சேதம் எத்தனை மணிக்குத் தெரிந்தது, யார் முதலில் பார்த்தார், யார் யாருக்குச் சொன்னார், வாட்ஸ்அப்பில் படம் எத்தனை மணிக்குப் போனது, அலுவலர் எப்போது வந்தார், வந்தவருக்கு என்ன தெரிந்திருந்தது, அதை எப்போது சொன்னார், முதல் கல் எப்போது விழுந்தது என்பதையெல்லாம் மணிக்கணக்கோடு எழுதுங்கள். அந்த ஊரில் பாதை, சுடுகாடு, புறம்போக்கு, ஒலிபெருக்கி, ஊர்வல வழி குறித்து நிலுவையில் உள்ள மனுக்களின் எண்களையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். இது வருவாய்த் துறையினருக்குக் கசக்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடியுமுன் அந்தப் பக்கத்தை இரு தரப்புக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் உருது தெரிந்த ஒருவரையும் தெலுங்கு தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் தமிழில் மட்டும் படித்தால் பலருக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

காவல் துறையினருக்குத் தனியாக ஒரு சொல். வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவது, மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 298, 299 பிரிவுகள் இரண்டும் செய்தவரின் உள்நோக்கத்தைக் கேட்கின்றன. ஆளே தெரியாதவரின் உள்நோக்கத்தை எப்படி நிரூபிக்க முடியும்? 'மர்ம நபர்கள்' என்று எழுதி இந்தப் பிரிவுகளைப் போடும்போது, ஒரு மதத்தாரை இன்னொரு மதத்தார் அவமதித்துவிட்டார்கள் என்ற தீர்ப்பை முதல் தகவல் அறிக்கையிலேயே ஊருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். லாரியா, குடிகாரனா, மாடா, வேண்டுமென்றே செய்த ஆளா என்பது தெரியும்வரை 'இன்னும் தெரியவில்லை' என்றே எழுதலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

அன்று ஏழு மணிக்கே அந்தத் துண்டுகளைக் கையில் ஏந்திக் காட்டியிருந்தால் நம்பியிருப்பார்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. லாரியை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னது யார் என்று யாராவது கேட்டிருப்பார்கள். பாதைத் தகராறு அப்படிப்பட்டது. ஆனாலும் நான்கு மணி நேரம் இருந்தது. பஞ்சர் கடைக்காரர் தன் கம்ப்ரசரையாவது உள்ளே எடுத்து வைத்திருப்பார்.

இந்த முறை எனக்கு அழைப்பு வராது. வட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் காத்திருப்பேன். அந்தச் சிவப்புத் துண்டுகள் ஒரு பாலிதீன் பையில் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. கூட்டம் தொடங்குமுன் அவற்றையும், அன்று நான் எழுதிய குறிப்பில் விட்டுப்போனவற்றை மணிவாரியாக எழுதிய ஒரு தாளையும் மேசையில் வைக்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.