தாங்கியைத் தூக்கினால் போதாது, குழியையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஒழுங்கையின் முடிவில் உள்ள அரச நிறுவனமொன்றின் வளவில் நிலத்தடி டீசல் தாங்கிகளை மாற்றும் வேலை தொடங்கியிருக்கிறது. கொங்கிறீற்றை உடைத்து மண்ணை அள்ளியதில் பழைய தாங்கி ஒன்றின் துருப்பிடித்த முதுகு வெளியே தெரிகிறது. நல்ல காரியம், காலங்கடந்தாவது செய்கிறார்கள். ஆனால் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் எனக்குப் புதுத் தாங்கி எப்போது வரும் என்பது கவலையில்லை. பழையது கிடந்த குழிக்குள் யார் இறங்கிப் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் கவலை.

நான் வேறொரு திணைக்களத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். நீளக் கோலில் சுண்ணக்கட்டியைப் பூசித் தாங்கிக்குள் இறக்கி, நனைந்த இடத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் காலையில் என் முதல் வேலை. பவுசர் இறக்கியது, வாகனங்களுக்கு வழங்கியது, கோல் காட்டும் மிச்சம் ஆகிய மூன்றும் சில மாதங்களில் ஒத்துவராது. குறைந்த அளவுக்கு எதிரே ‘ஆவியாதல்’ என்று எழுதுவோம். எனக்கு முன்பிருந்தவர் அப்படி எழுதினார், நானும் எழுதினேன், கணக்காய்வுக்கு வந்தவர்களும் கையொப்பம் வைத்தார்கள். பெற்றோல் ஆவியாகும். நிலத்துக்கடியில் மூடிக் கிடக்கும் டீசல் அப்படிப் பறந்துவிடாது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

கோலையும் குறை சொல்ல முடியாது. விநாடிக்கு ஒரு துளி ஒழுகினால் நாளொன்றுக்கு நாலு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகப் போகும், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 லீற்றர். பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் படுக்கைத் தாங்கியில் அந்த நாலு லீற்றர் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கும் வராது. பூசிய சுண்ணக்கட்டியின் தடிப்பே அதைவிடக் கூடுதல்!

வேறு ஊரில் இது எண்ணெய்க் கணக்கோடு முடிந்துவிடக்கூடும். யாழ்ப்பாணத்தில் நமக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடுகிறது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இக்காலத்திலும், குடாநாட்டில் பெரும்பாலோர் வாளி விடுவதும் பம்பி போடுவதும் கிணற்றில்தான். அந்த நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி நிற்பது, அதற்கடியில் உவர்நீர். களிமண் நிலத்தில் மெல்ல ஊர்கிற எண்ணெய் இந்தக் கல்லில் எந்த வெடிப்பு வழியே எந்த வீட்டுக் கிணற்றுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. டீசல் தண்ணீரைவிட இலேசானது. அதனால் நாம் அள்ளுகிற மேல்மட்டத்திலேயே மிதந்து வரும்.

சுன்னாகத்தை மறந்துவிட்டோமா? அங்கே மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி 2019இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வரும் வரை கிணற்றை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு அலைந்தவர்களின் நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவது? அங்கே எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கும் தெரிந்தது. நிலத்தடித் தாங்கியின் ஒழுக்கு அப்படித் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. எங்கள் கிணற்றில் இதுவரை மணமில்லை. மணமில்லை என்பது பரிசோதனை அறிக்கையாகிவிடாது.

ஆகவே, தாங்கியைத் தூக்கியதும் குழியின் அடியிலும் பக்கங்களிலும் மண் மாதிரி எடுக்க வேண்டும். சுற்றியுள்ள கிணறுகளின் நீரையும் சோதித்து, முடிவைப் பிரதேச சபையின் அறிவித்தல் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். எண்ணெய் ஊறிய மண்ணை யாருடைய பள்ளக் காணியையும் நிரப்பக் கொடுத்துவிடக் கூடாது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: இங்கே மண் இலவசம் என்றால் எந்த மண் என்று கேட்பவர் குறைவு.

புதியது எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. தரைக்குமேல் வைத்து, முழுத் தாங்கியும் கொட்டினாலும் கொள்ளும்படி சுற்றிச் சுவர் கட்டினால் ஒழுக்கைக் காவலாளியே கண்டுபிடித்துவிடுவார். இடமில்லை, நிலத்தடியில்தான் என்றால், இரட்டைச் சுவர்த் தாங்கியும் இரு சுவர்களுக்கிடையே கசிவைக் காட்டும் கருவியும் வேண்டும். அடியில் கொங்கிறீற்றுத் தளம் போட்டு அதில் பட்டிகளால் கட்டவும் வேண்டும். மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்தால் வெறுந் தாங்கி வள்ளம்போல மேலெழும்பும், அந்த இழுவையில் குழாய் இணைப்புகள் விட்டுப்போகும்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் குழிக்குள் தண்ணீர் நின்றுவிடும். பிறகு மணலைக் கொட்டி மூடுவார்கள். அதற்கு முன் மத்திய சுற்றாடல் அதிகார சபையோ, நீர் வழங்கல் சபையோ, நமது பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ மாதிரிப் போத்தலோடு வரட்டும். முதல் போத்தலை எங்கள் கிணற்றிலேயே நிரப்பலாம், படலை திறந்துதான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.