அக்காவின் ரிப்போர்ட்

அன்புள்ள சீனு,

அக்காவின் மறதிக்காக எடுத்து நீ அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த ஈ.ஈ.ஜி. பக்கங்கள், கலர் கலரான அந்த மூளைப் படம் எல்லாம் பார்த்தேன். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், சொல்ல வந்தது போய்விடும். அதனால்தான் கடிதம்.

முதலில் அந்தக் கலர் படம். 'மூளை இணைப்பு வரைபடம்' என்று பேர் வைத்து, வருஷத்துக்கு நாலு தடவை எடுக்கச் சொல்லி பேக்கேஜ் போட்டிருக்கிறார்கள் பார், அதற்குப் பணம் கட்டாதே. படம் பொய் என்று சொல்லவில்லை. அக்கா விஷயத்தில் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

அடுத்தது ஈ.ஈ.ஜி. ரிட்டயர் ஆகும்வரை நான் செய்தது அதை எடுக்கிற வேலைதானே. டேப் வைத்துத் தலையை அளந்து, பென்சிலால் குறி போட்டு, பேஸ்ட் வைத்து ஒயரை ஒட்டிவிட்டால் அப்புறம் "கண்ணை மூடுங்க, திறங்க" என்பதுதான் பாட்டு. மூடினால் பின்மண்டையில் ஒழுங்கான அலை எழும், திறந்தால் அடங்கும். ஜெர்மனியில் யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதரிடம் முதன்முதலாகப் பதிவெடுத்து, 1929இல் வெளியிட்டு, ஆல்ஃபா என்று பேர் வைத்த அலை. விநாடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும். அல்சைமர் என்ற மறதி நோய் வந்தவர்களுக்கு இது மந்தமாகிக்கொண்டே போகும். 10 இருந்த இடத்தில் 8, பிறகு அதற்கும் கீழே. 4க்கும் 8க்கும் இடைப்பட்ட தீட்டா பெருகும். நோய் முற்றினால் இன்னும் மெதுவான டெல்டாவும் சேரும். அக்காவுக்குச் சொல்லியிருக்கிற எம்.சி.ஐ. கட்டத்திலோ, அதாவது அன்றாட வேலையைக் கெடுக்காத லேசான மறதிக் கட்டத்திலோ, பதிவு பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கலாம்.

இதில் ஒரு சங்கதி. தூக்கம் கண்ணைச் சொருகினாலும் இதே தீட்டா வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற பெரியவர்களை "தாத்தா, தூங்கிடாதீங்க, பேரன் பேரென்ன?" என்று உசுப்பிக்கொண்டே இருப்பேன். உசுப்பாத ஆள் எடுத்தால் பாதி ஊருக்கு மறதி நோய் வந்துவிடும். அக்காவின் பதிவில் 'தீட்டா அதிகம்' என்று வட்டம் போட்டிருக்கிறார்களே, அதற்குச் சற்று முன்னால் கண் மெல்ல உருளும் அடையாளம் இருக்கிறது. கடைசி வார்த்தை நரம்பியல் டாக்டருடையது. என் கண்ணுக்கு அது அரைத்தூக்கம்.

இணைப்பு என்கிறார்களே, அது ஒயர் மாதிரி ஏதோ அறுந்துபோவது என்று நினைத்துக்கொள்ளாதே. சும்மா படுத்திருக்கும் ஒருவரின் மூளையில் எந்தெந்தப் பகுதிகளின் ரத்த ஆக்சிஜன் சேர்ந்தாற்போல ஏறி இறங்குகிறது என்று எஃப்.எம்.ஆர்.ஐ. என்கிற ஸ்கேனில் கணக்குப் போடுகிறார்கள். ஒரு வேலையும் இல்லாதபோது சுறுசுறுப்பாகும் ஒரு கூட்டத்துக்கு 'டீஃபால்ட் மோட்' என்று 2001இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் மார்கஸ் ரைக்லே குழு பேர் வைத்தது. அல்சைமரில் அந்தக் கூட்டத்துக்குள் ஒத்திசைவு குறைகிறது என்று 2004இல் ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் கிரைசியஸ் காட்டினார். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸுக்கும் மூளையின் நடுப்பின்பகுதிக்கும் இடையே அந்த ஒத்திசைவு தளர்கிறது. அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு புரதம் ஆரம்பத்திலேயே படிகிற இடங்களும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான். ஆனால் இதெல்லாம் பலரை ஒரு பக்கமும் பலரை இன்னொரு பக்கமும் நிறுத்தி எடுத்த சராசரி. சராசரியை வைத்து அக்கா ஒருவரை எடை போட முடியாது.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. எம்.சி.ஐ. என்றால் மூளை அணைந்துகொண்டே வருகிறது என்றுதானே நாம் நினைப்போம்? ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு ஹிப்போகேம்பஸ் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்கிறது. பத்துப் பேர் வர வேண்டிய நடவுக்கு நாலு பேர் வந்தால் அந்த நாலு பேரும் ஓடி ஓடி நடுவார்களே, அப்படி ஈடுகட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2012இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசெட்டத்தைக் குறைந்த அளவில் கொடுத்து அந்த அதிகப்படியை அடக்கிப் பார்த்தார்கள். நினைவுச் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. அப்படியென்றால் அந்த ஓட்டமே இடைஞ்சலாகவும் இருக்கலாம். அது சின்ன ஆய்வு. மெடிக்கலில் போய் அந்த மாத்திரையைக் கேட்டு நிற்காதே. நோய் டிமென்ஷியாவாக, அதாவது அன்றாட வேலையையே முடக்கும் மறதியாக முற்றினால் இந்த அதிகப்படியும் போய் அந்தப் பகுதி ஓய்ந்துவிடும்.

இன்னொன்று, கோபப்படாமல் கேள். தினம் காலையில் "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட, சொல்லு" என்று அக்காவுக்குப் பரீட்சை வைக்கிறாயாமே, உன் பெண்டாட்டி சொன்னாள். நிறுத்து. அதனால் நினைவு கூடப்போவதில்லை, உன்னைக் கண்டாலே அவருக்குப் பயம்தான் வரும். அதற்குப் பதிலாகத் தெலுங்கில் ஊர்க்கதை பேசு. ஹைதராபாத்தில் டிமென்ஷியா வந்த 648 பேரைப் பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. இரு மொழிக்காரர்களுக்கு நோய் நாலரை வருஷம் தள்ளி வந்திருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிலும் அப்படித்தான். வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழுமாக வளர்ந்த உங்கள் குடும்பத்துக்கு அந்தச் சொத்து கொஞ்சம் இருக்கிறது.

ரிப்போர்ட்டில் எம்.சி.ஐ. என்று எழுதப்பட்ட எல்லோரும் டிமென்ஷியாவுக்குப் போவதில்லை. சிறப்பு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் வருஷத்துக்கு 10 முதல் 15 சதவீதம் போகிறார்கள் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. சிலர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். பேக்கேஜ் பணத்தில் முதலில் பி12, தைராய்டு பார். காதைச் சோதி, டி.வி. சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார் என்றாயே. மாமா போனபிறகு மனச்சோர்வு இருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேள். அதுவும் மறதியாகத்தான் வெளியே தெரியும்.

இங்கே எனக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். அக்காவை ஒருமுறை மதுரைக்குக் கூட்டி வா. பழைய ஈ.ஈ.ஜி. பதிவை சி.டி.யில் கேட்டு வாங்கிக்கொள், அச்சடித்த பக்கம் போதாது. மறுபடி எடுக்கச் சொன்னால் காலை நேரமாக வாங்கு. முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்.

உன்,
ராமு