பிடுங்காமல் விட்ட ஒரு கேபிளுக்காக

அன்புடையீர்,

வணக்கம். நம் பல்கலைக்கழக ஊழியர்களுக்கான கணினி வலையமைப்பைப் புதுப்பிக்கும் பணி முடிவடைந்துவிட்டதாக இன்று காலை அறிவிப்பு வந்தது. அந்த மூன்று வாரங்களில் நாம் பட்ட பாட்டை உங்களுக்கு நான் மறுபடியும் சொல்லத் தேவையில்லை. அனைவரும் உடனிருந்து பட்டதுதான். கண்ணில் தூக்கம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் இதை இப்போதே எழுதிவிட நினைக்கிறேன், ஏனெனில் நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியவரின் பெயர் எனக்குத் தெரியாது, நாளாக ஆக அவரைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினமாகிவிடும்.

எங்கள் துறையின் 4ஆம் மாடிக் கடைசி அறையில், மேசைக்கடியில், காலணிப் பெட்டி அளவில் ஒரு பழைய சேமிப்புப் பெட்டி இருப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். ஒலிநாடாக்களில் பதிவு செய்திருந்த முதியவர்களின் பேச்சையெல்லாம் பல ஆண்டுகளாகக் கணினிக் கோப்புகளாக மாற்றி அதில் சேர்த்து வைத்திருந்தோம். சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், 1982இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் என ஏறத்தாழ 600 மணி நேரப் பேச்சு அது. ஒலியின் தரம் குறையக் கூடாது என்று 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் மாற்றியதால் ஒரு மணி நேரப் பேச்சு 2 ஜிகாபைட்டைத் தொட்டது. எல்லாம் சேர்ந்து 1.2 டெராபைட். பேசியவர்களில் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. பெட்டியின் வன்வட்டோ சென்ற ஆண்டிலிருந்தே இரண்டு முறை எச்சரிக்கை கொடுத்திருந்தது.

அந்தப் பெட்டிக்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு முறை எஸ்எம்பி 1 மட்டுமே. 2017இல் வானாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் என்பதால், புதிய வலையமைப்பில் அதற்கு இடமில்லை என்று பொறியாளர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் பழைய சுவிட்சுகளுக்கு உயிர் இருக்கும்போதே எல்லாவற்றையும் புதிய சேமிப்பகத்துக்கு நகலெடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு நகலெடுப்பைத் தொடங்கினேன். பழைய சுவிட்ச் நொடிக்கு 100 மெகாபிட் வேகம் கொண்டது. ஞாயிறு விடிவதற்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இந்த இடத்தில் என் தவற்றையும் எழுதிவிடுகிறேன். எந்த இணைப்பைக் கடைசிவரை விட்டு வைக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டபோது, அறைச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த எண் அறையைச் செப்பனிடுவதற்கு முன்பு ஒட்டியது. உண்மையான கேபிள் அவசரத்தில் கூரைப் பலகைக்கு மேலாக இழுக்கப்பட்டு, எந்த வரைபடத்திலும் ஏறாமல், 2ஆம் மாடியின் கேபிள் அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதை அன்று இழுக்கச் சொன்னவளும் நான்தான். சனிக்கிழமை இரவு 11 மணிக்கு வீட்டில் படுக்கையில் கிடந்தபோதுதான் இது நினைவுக்கு வந்தது. தொலைபேசியில் அழைத்துப் பார்த்தேன். அந்த வாரம் எல்லோரும் எல்லோரையும் அழைத்துக்கொண்டிருந்ததால் ஒரு தொடர்பும் கிடைக்கவில்லை. ஞாயிறு அதிகாலை முதல் ரயிலைப் பிடித்து வந்தேன், போனது போனதுதான் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொண்டே.

கேபிள் அறையில் புதிய சுவிட்சுகள் பச்சை விளக்குகளோடு வரிசையாக நின்றன. கழற்றிய நீல நிறக் கேபிள்கள் தரையில் சுருள் சுருளாகக் கட்டப்பட்டிருந்தன. மூலையில், பழைய 24 துளைச் சுவிட்ச் ஒன்று மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் செருகியிருந்தவை இரண்டே கேபிள்கள்: மேலே முதன்மை வலையமைப்புக்குப் போவது ஒன்று, எங்கள் பெட்டிக்குப் போவது மற்றொன்று.

எங்கள் கேபிளின் கழுத்தில் பல ஆண்டுகளுக்கு முன் நான் கட்டிய பிளாஸ்டிக் அட்டை தொங்கியது. அதில் சிவப்பு மார்க்கரால் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. அடியில் நீலப் பேனாவால் அழுத்தி, சும்மா ஒரு விளையாட்டாகத் தமிழில் எழுதிய வரி மட்டும் அட்டையில் பதிந்து நின்றது: “பிடுங்க வேண்டாம். ஒலிப்பதிவுப் பெட்டி, 4ஆம் மாடி கடைசி அறை.” அதற்குக் கீழே மஞ்சள் ஒட்டு நாடா ஒன்று புதிதாகச் சுற்றப்பட்டிருந்தது. அதில் சாய்ந்த கையெழுத்தில் இப்படி இருந்தது: “பிடுங்கவில்லை. மேலே போய்ப் பார்த்தேன், விளக்கு எரிகிறது. இரவு 2.40.”

அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன் என்பதை எழுத எனக்கு வெட்கமில்லை.

கேபிள் பதித்த தம்பிக்கு: உங்கள் வயது எனக்குத் தெரியாது, தம்பி என்று அழைப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைத்தாளில் பழைய கேபிள்கள் அனைத்தையும் கழற்ற வேண்டும் என்றுதான் இருந்திருக்கும். அந்தக் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானாம். இரவுப் பணியில் இருந்த காவலர் பிறகு என்னிடம் சொன்னார்: நீங்கள் அவரை அழைத்துக்கொண்டு 4ஆம் மாடிக்கு ஏறி, பூட்டிய கதவின் கண்ணாடியில் கைவிளக்கை ஒட்டி வைத்து உள்ளே பார்த்து, “வேலை நடக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினீர்களாம். அதன் பிறகு இரும்புச் சட்டகத்தில் பொருத்தியிருந்த சுவிட்சை அணைக்காமலேயே கழற்றி நாற்காலிக்கு மாற்றியிருக்கிறீர்கள். மின்சாரம் ஒரு நொடிகூட அறாமல் அதைச் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது கேபிள் அறைக்குள் ஒருமுறையாவது குனிந்து நின்றவர்களுக்குத் தெரியும். உங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். நீங்கள் புதுக்கோட்டைப் பக்கம் என்றும், குழு வேறு இடத்துக்குப் போய்விட்டது என்றும் சொன்னார். பெயரைச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை போலும்; நானும் வற்புறுத்தவில்லை.

நகலெடுப்பு காலை 6.10க்கு முடிந்தது. 600 மணி நேரமும் பத்திரம்.

வலையமைப்பில் தமிழ் எழுத்து பயன்பட்டதை எண்ணும்போது தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி நினைவுக்கு வருகிறார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏற்றப்பட்டபோது தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே திரையில் தெரிந்ததற்கு அவருடைய உழைப்பே காரணம். 1997இல் இதே ஊரில் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியவரும் அவரே. அன்று அவரும் உடனிருந்தவர்களும் எழுத்துருவுக்காகவும் குறியீட்டுக்காகவும் மாதக்கணக்கில் வாதாடினார்கள். எனக்கு உதவிய தமிழுக்கு எழுத்துருவும் தேவைப்படவில்லை, ஒரு பேனாவும் படிக்கத் தெரிந்த ஒருவரும் போதுமானதாக இருந்தது. கோவிந்தசாமி இருந்திருந்தால் இந்த அட்டையைப் பார்த்துச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் நன்றி சொல்வதை மன்னிக்கவும். ஒவ்வொருவருடைய மடிக்கணினியிலும் புதிய நுழைவுச் சான்றிதழை ஏற்றிக் கொடுத்து, ஒரே கேள்விக்கு ஐம்பது முறை முகம் சுளிக்காமல் பதில் சொன்ன உதவி முகப்புப் பிள்ளைகளுக்கும், கூரையில் புதிய கம்பியில்லாக் கருவிகளைப் பொருத்திய பொறியாளர்களுக்கும், சம்பளப் பட்டியலை அனுப்பத் தங்கள் மேசையைக் கொடுத்த நூலகத் தோழியருக்கும், தூசி படிந்த நடைவழியைத் தினமும் இருமுறை துடைத்த துப்புரவு அம்மாவுக்கும் எங்கள் துறையின் நன்றி. புதிய இணைப்பின் வேகத்தைப் பற்றி ஒரு குறையும் இல்லை. கேட் 6ஏ வகைப் புதிய கேபிளில் நொடிக்கு 10 ஜிகாபிட் போகும் என்றார்கள். அந்த வேகத்தில் என் 1.2 டெராபைட் கால் மணி நேரம் சொச்சத்தில் முடிந்திருக்கும் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியபோது எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை நான் செய்த முதல் வேலை, எங்கள் மாடியில் உள்ள ஒவ்வொரு கேபிளையும் கையால் தொடர்ந்து போய் எங்கே முடிகிறது என்று பார்த்து எழுதியதுதான். 41 கேபிள்களில் 9 வரைபடத்தில் இல்லை. அவற்றுக்கெல்லாம் புது அட்டை கட்டியாயிற்று, ஆங்கிலத்திலும் தமிழிலும், இரண்டும் பேனாவால் அழுத்தி எழுதியவை. இனி என் பொறுப்பில் இருக்கும்வரை பெயரில்லாத கேபிள் ஒன்றும் அந்த மாடியில் ஓடாது.

அந்தத் தம்பி தங்கியிருக்கும் விடுதியிலோ, வேலை செய்யும் இடத்திலோ அவரை அறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பெட்டியின் விளக்கை ஞாயிறு காலை நானே அணைத்தேன் என்று அவரிடம் சொல்லுங்கள். மஞ்சள் நாடாவை மட்டும் பிரிக்கவில்லை. அட்டையோடு சேர்த்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
4ஆம் மாடி, கடைசி அறை